திரையில் மட்டும் ஓடிய மூச்சு

கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தால் உங்களுக்கெல்லாம் எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது. அந்த வட்டத்தை ஒழிப்பதற்குத்தான் இளம் பொறியாளர்களான உங்களுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். எனக்கும் அதற்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் இன்று என் பேரனின் போனில் அது சுற்றினால் நான் கோபப்படுவதில்லை. பாவம், இல்லாததை இல்லை என்று சொல்கிறது, விட்டுவிடு என்பேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பான். இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்துவிட்டு இந்தக் கிழவனுக்கு ஏன் இப்படி ஒரு புத்தி என்று நீங்களும் நினைக்கலாம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் வெற்றிகளைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டீர்கள். அதெல்லாம் கேட்டு உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். ஓடும் படத்தைச் சுருக்கிச் செல்போன் வழியாக அனுப்புவது எங்கள் வேலை. அன்றைய செல்போன் இணையத்தில் ஒரு புகைப்படம் இறங்குவதற்குள் நீங்கள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதில் ஓடும் படத்தை அனுப்பு என்றார்கள். எப்படி அனுப்பினோம் என்ற கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரியும். முழுப் படத்தையும் ஒரு முறை அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு மாறிய இடத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போவது. கஷ்டம் சுருக்குவதில் இல்லை. நடுவில் இணைப்பு அறுந்தால் பார்க்கிறவருக்கு என்ன காட்டுவது என்பதில்தான் கஷ்டம்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். இணைப்பு அறுந்தவுடன் கடைசியாக வந்த இரண்டு வினாடிப் படத்தை எடுத்து, முன்னும் பின்னுமாக நைஸாக ஓட்டுவது. அறுந்த இடமே தெரியாது. எங்கள் அலுவலகத்தில் இதை 'ஒட்டு' என்று சொல்வோம். பாட்டுப் பாடி ஆடுகிற காட்சி என்றால் கொஞ்சம் கவனித்தால் மாட்டிக்கொள்ளும். அதிக அசைவு இல்லாத காட்சியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் மேலாளரை உட்காரவைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்கிக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. கையில் பிடுங்கிய கம்பியைத் தூக்கிக் காட்டியதும் எழுந்து நின்று கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனாலும் அதற்கு ஒரு எல்லை வைத்திருந்தேன். நான்கு வினாடி. அதற்குள் இணைப்பு திரும்பாவிட்டால் படம் நின்று, 'இணைப்பு இல்லை' என்று எழுத்து வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அறக்கட்டளை எங்களிடம் வந்தது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அவர்கள் ஒரு மருத்துவ வேன் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேனில் ஒரு செவிலியர் இருப்பார். அவரை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். டாக்டர் சென்னையில் உட்கார்ந்திருப்பார். வேனில் இருக்கும் கேமரா வழியாக நோயாளியைப் பார்த்து, செல்போனில் சிஸ்டரிடம் பேசி மருந்து சொல்வார். படத்தையும் பேச்சையும் ஒன்றாகச் சுமக்க அன்றைய இணையத்துக்குத் திராணி கிடையாது. அதனால் படம் மடிக்கணினியில் செருகிய டேட்டா கார்டு வழியாகவும், பேச்சு சாதாரண செல்போனிலும் போகும்.

ஒரு மாதம் வெள்ளோட்டம் விட்டோம். டாக்டருக்கு ஒரே குறைதான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'இணைப்பு இல்லை' என்று வந்து கழுத்தை அறுக்கிறது என்றார். இதற்குள் அறக்கட்டளைக்காரர்கள் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் டாக்டரின் அறையில் அவர் பின்னாலேயே நின்று பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் இன்னும் பத்து வேன். எங்கள் மேலாளர் பஞ்சாங்கம் பார்த்து நல்ல முகூர்த்த நாளாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டார். நாளைக்கு அந்த எழுத்து திரையில் ஒரு தடவைகூட வரக்கூடாது என்றார். எல்லையை எடுத்துவிட்டால் வராது என்று நான் சொன்னேன். கவனியுங்கள், அவர் எடுக்கச் சொல்லவில்லை. நான்தான் யோசனை சொன்னேன். நான்கு என்று இருந்த இடத்தில் ஒரு பெரிய எண்ணைத் தட்டினேன். அரை நிமிஷ வேலை. ஒரு நாளைக்குத்தானே, மூட்டு வலிக்காரரும் சொறி சிரங்குக்காரரும் வரப்போகிறார்கள், யாருக்கு என்ன கெட்டுவிடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை மானாம்பதிக்கு இந்தப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் வேனை நிறுத்தினோம். ஊருக்குள் சிக்னல் கிடையாது. கரை மேல் ஏறினால் உத்திரமேரூர் பக்கத்து டவர் கிடைக்கும். எந்த இடத்தில் நன்றாகக் கிடைக்கும் என்பதை வேன் ஓட்டுநர் ஜாபர் பாய் கண்டுபிடித்து வைத்திருந்தார். வாலாஜாபாத்காரர். அரிசி மூட்டை லாரி ஓட்டியவர். கரையில் ஒரு புளியமரத்துக்கு நாலடி தள்ளி சுண்ணாம்பால் கோடு போட்டு, முன் சக்கரம் அந்தக் கோட்டில் நிற்கும்படி வண்டியை விடுவார். ஓர் அடி தள்ளினாலும் சிக்னல் பேஜார் பண்ணும் என்பார்.

முதல் ஐந்தாறு பேர் வந்து போனார்கள். எல்லாம் நான் நினைத்த மாதிரிதான். சென்னையில் டாக்டர் அறையில் இருந்த மேலாளர் நடுவில் போனில் கூப்பிட்டு, படம் தண்ணியாய் ஓடுகிறது, எல்லாரும் அசந்துபோய் நிற்கிறார்கள் என்று சொன்னார். ஏரிக்கு அந்தப் பக்கம் ஏதோ கல்யாண வீட்டில் மேளம் கேட்டது. இந்தப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி. ரோட்டில் வேனும் பஸ்ஸுமாகப் பட்டுப்புடவைகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். டவரில் பேச்சுக்குத்தான் முதல் இடம். பேசுகிறவர்கள் போக மிச்சம் இருந்தால்தான் இணையத்துக்கு. முகூர்த்த நாளில் சுற்றுப்பட்டு ஊர்களில் இருக்கிற அத்தனை செல்போனும் பேசும். எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள், பந்தி போட்டாச்சா என்று கேட்கும். இணையத்துக்கு மிச்சம் என்று ஒன்று இருக்காது. நல்ல நாள் பார்த்து நாங்களே போய்க் குழியில் விழுந்திருக்கிறோம். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் புத்தி வராது.

பதினோரு மணி இருக்கும். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வேகமாகக் கரை ஏறி வந்தாள். பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தை. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டதாம். இரண்டு நாளாகச் சளி, காலையிலிருந்து பால் குடிக்கவில்லை என்றாள். சிஸ்டர் குழந்தையைப் படுக்கையில் கிடத்தித் துணியை விலக்கினார். மார்பு என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. நான் கேமராவை அதன் மேல் திருப்பிவிட்டு மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் நன்றாகப் பார்த்தார். அவரை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினார். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. மூச்சு சீராக இருக்கிறது, சளிதான், இந்த வெயிலில் இவ்வளவு சின்னக் குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம், பாலைப் பீய்ச்சி கரண்டியில் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் வேனிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார்.

சிஸ்டர் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கிராமங்களில் பதினெட்டு வருஷமாகப் பிரசவம் பார்த்தவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"சார், கொயந்த நின்னு நின்னு மூச்சு வுடுது சார். நடுவுல நிக்குது" என்றார்.

டாக்டர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். தான் இரண்டு நிமிஷமாகக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றும் சொன்னார்.

நான் தலையைத் திருப்பிக் குழந்தையைப் பார்த்தேன். மார்பு ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. பிறகு நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. சிஸ்டர் உள்ளங்காலை விரலால் சுண்டினார். குழந்தை வெடுக்கென்று இழுத்து மூச்சு விட்டது. அதே நேரம் போனில் டாக்டர், பாருங்க எவ்வளவு அழகா தூங்குது என்று பின்னால் நின்றவர்களிடம் சொல்வது கேட்டது.

டேட்டா கார்டைப் பார்த்தேன். அதில் ஒரு சின்ன நீல விளக்கு உண்டு. இணைப்பு இருந்தால் நிலையாக எரியும். இல்லாவிட்டால் மினுக்கும். மினுக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் பார்ப்பது இந்தக் குழந்தையைத்தான். ஆனால் இப்போதைய குழந்தையை அல்ல. எப்போதோ அது நன்றாக மூச்சு விட்ட இரண்டு வினாடியை என் மென்பொருள் பிடித்துவைத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. மூச்சு என்பதே ஏறி இறங்குவதுதானே, அதை முன்னும் பின்னுமாக ஓட்டினால் உலகத்திலேயே சீரான மூச்சாகத்தான் தெரியும். வேனில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. சென்னையில் இருப்பவர்களுக்கும் தெரியாது. அந்த நிமிஷத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான்.

அடுத்து நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். போனைப் பிடுங்கிப் பேசினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நான் டேட்டா கார்டைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். விளக்கு மினுக்கியது. அதை ஒரு நீளமான கம்பியில் மாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். படத்தின் அளவைப் பாதியாக்கினேன். அதையும் பாதியாக்கினேன். கறுப்பு வெள்ளை ஆக்கினேன். ஜாபர் பாயைக் கூப்பிட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுக்கச் சொன்னேன். இணைப்பு வந்துவிட்டால் டாக்டருக்குத் தானாகவே உண்மை தெரிந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. என் தலை முழுக்க அந்த ஒரே எண்ணம்தான் ஓடியது. டாக்டரின் போனும் ஒலிபெருக்கியில் இருக்கிறது. நான் பேசினால் மேலாளர் கேட்பார், அறக்கட்டளைக்காரர்கள் கேட்பார்கள். பத்து வேன் போய்விடும், என் வேலை போனாலும் போகும். பழுது பார்க்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு, தெரியுமா? கையில் ஏதாவது வேலை இருக்கும் வரை பயந்துகொண்டிருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. மூன்று நிமிஷம் அப்படிப் போயிருக்கும். நான்காகவும் இருக்கலாம்.

குழந்தை மறுபடி நிறுத்தியது. இந்தத் தடவை உதட்டின் ஓரம் நீலம் ஏறுவதை நானே பார்த்தேன். சிஸ்டர் காலைச் சுண்டப் போனார்.

"சார், இப்ப நின்னுட்சி சார்" என்று போனைப் பார்த்துச் சொன்னார்.

"இல்லம்மா, இதோ விடுதே. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் டாக்டர்.

சிஸ்டரின் கை காலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. குழந்தையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். திரும்பவும் குழந்தையைப் பார்த்தார். கை நகரவில்லை.

அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. பாய்ந்துபோய் நானே குழந்தையின் காலைச் சுண்டினேன். முதல் சுண்டலுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்கு முனகி இழுத்தது. போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"சார், அந்தப் படத்தை நம்பாதீங்க. அது பழசு."

"பழசுன்னா?"

"லைன் கட்டாயிடுச்சு சார். முன்னாடி வந்ததையே திரும்பத் திரும்ப காட்டுது. நான்தான் அப்படிப் பண்ணி வெச்சிருக்கேன். குழந்தை மூச்சு நின்னு நின்னுதான் வருது. சிஸ்டர் சொல்றதுதான் நிஜம்."

"எவ்வளவு நேரமா கட்டாகியிருக்கு?"

இந்தக் கேள்வி என்னைச் சாய்த்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. எது நிஜப்படம், எது ஒட்டு என்பதை என் மென்பொருள் எங்கேயும் குறித்துவைக்கவில்லை. குறித்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் கடிகாரம் வைத்து எண்ணிய மூச்சில் ஒன்றாவது நிஜமா என்றுகூட என்னால் சொல்ல முடியாது.

"தெரியல சார்" என்றேன்.

பின்னால் மேலாளர் என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டது கேட்டது. டாக்டர் யாரிடமோ திரையை அணைக்கச் சொன்னார். பிறகு சிஸ்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். குரல் மாறியிருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எத்தனை எண்ணும் வரை நிற்கிறது, உதடு எப்படி இருக்கிறது, சுண்டினால் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது, கால் சூடாக இருக்கிறதா. சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். காற்றை அழுத்திக் கொடுக்கும் பை வேனில் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார்.

"கீது சார். சின்ன மாஸ்க்கும் கீது."

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள் என்றார் டாக்டர். அங்கே தானே பேசிச் சொல்லிவைப்பதாகச் சொன்னார். கரையை விட்டு இறங்கினால் இந்தப் போனும் போய்விடும் என்று அவருக்கும் தெரியும். ஏற்கெனவே பிடித்திருந்த அழைப்பு என்பதால்தான் இது வரை அறுபடாமல் இருந்தது. இந்த நெரிசலில் மறுபடி கிடைக்காது.

"வழியில நான் இருக்க மாட்டேன் சிஸ்டர். நீங்க என்ன பார்க்கறீங்களோ, அதை வெச்சு நீங்களே முடிவு பண்ணுங்க. யாரையும் கேக்க வேணாம்."

ஜாபர் பாய் வண்டியைக் கரையிலிருந்து இறக்கிய வேகத்தில் அலமாரியிலிருந்த மருந்தெல்லாம் கீழே கொட்டியது. போன் அறுந்தது. சிஸ்டர் தரையில் உட்கார்ந்து, படுக்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குழந்தையின் மார்பைப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்தார். என்னைக் காலடியில் உட்காரவைத்தார். மூச்சு வந்தால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து திரும்ப ஆரம்பிக்கும். வராமல் ஐந்தைத் தாண்டினால் என்னைப் பார்ப்பார், நான் உள்ளங்காலைச் சுண்ட வேண்டும். பத்தைத் தாண்டினால் அவர் பையை அழுத்துவார். என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அன்று கிடைத்த வேலை அதுதான்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு கல்யாண பஸ் குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. பாய் இறங்கி ஓடினார். என்ன சொன்னாரோ, சட்டையில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் இறங்கி வந்து வண்டிகளை ஒதுக்கி வழி விட்டார்கள். அதற்குள் சிஸ்டர் இரண்டு தடவை பையை அழுத்திவிட்டார். அந்தப் பெண் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. ஊர் தாண்டிய பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் பொட்டில நல்லாக் கீதுன்னுதானே சொன்னாங்க சார்?"

"பொட்டி தப்பா சொல்லிடுச்சும்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புக்கத்துறை கூட்டுரோடு வருவதற்குள் குழந்தை இன்னும் மூன்று தடவை நிறுத்தியது. கடைசித் தடவை சிஸ்டர் பதினெட்டு வரை எண்ணினார். ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னார், குரல் உடையவே இல்லை. பையை அழுத்திக்கொண்டே எண்ணினார். பத்தொன்பது என்று வாயெடுக்கும்போது குழந்தை இழுத்துவிட்டது. ஒன்று என்று மறுபடி ஆரம்பித்தார்.

செங்கல்பட்டில் வாசலிலேயே ஆட்கள் நின்றார்கள். டாக்டர் சொல்லிவைத்திருந்தார். சிஸ்டரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. பதினைந்து நாள் அங்கே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று எங்களுக்கு அது தெரியாது.

அலுவலகத்தில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போதே மேலாளர் போனில் கூப்பிட்டார். நெட்வொர்க் கோளாறு என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். நெட்வொர்க் அறுந்தது, அவ்வளவுதான், மறைத்தது நாம்தான் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். பத்து வேனும் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது. மறுநாள் முதல் வேலையாக அந்த ஒட்டை எங்கள் வேன் மென்பொருளிலிருந்து பிடுங்கி எறிந்தேன். இணைப்பு போனால் திரை இருட்டாகும், கடைசியாகப் படம் வந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று பெரிய எண்ணில் ஓடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். ஒரு வருஷம் என்னை எந்த முக்கியமான வேலையிலும் சேர்க்கவில்லை. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். இருந்தாலும் அந்த இருட்டுத் திரையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை. வராந்தாவில் நடந்ததுதான்.

குழந்தையை உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். பாய் எங்கிருந்தோ டீ வாங்கிவந்து கொடுத்தார். அந்தப் பெண் கதவையே பார்த்தபடி நின்றிருந்தாள். சிஸ்டர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். டீயைக் குடிக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். டாக்டரை ஏமாற்றிவிட்டேன், அதனால்தான் அவர் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, தப்பு முழுக்க என்னுடையது, நீங்கள் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"அது இல்ல சார்" என்றார். "மொத ரெண்டு தபா நான் நல்லாப் பாத்தேன். நின்னுது. தெரிஞ்சிது. மூணாவது தபா டாக்டரு விடுதேன்னு சொன்னாரு பாருங்க, அப்ப என் கண்ணுக்கும் கொயந்த மூச்சு வுடறா மாரிதான் சார் தெரிஞ்சிது. சத்தியமா தெரிஞ்சிது. அதான் கைய நிப்பாட்டிட்டேன். நீங்க வந்து சுண்டலன்னா நான் பாத்துக்கினே நின்னுருப்பேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பதினெட்டு வரை குரல் உடையாமல் எண்ணியவர்.

அதுவரை நான் ஒரே ஒருவரைத்தான் ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தார், திரை காட்டுவதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் இந்த அம்மாள் குழந்தைக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றிருந்தார். என் படத்தை அவர் பார்க்கவே இல்லை. அப்படியிருந்தும் அது அவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தேன். ஆறிப்போயிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்து, தாய்ப்பால் வேண்டும், யார் அம்மா என்று கேட்டார். அந்தப் பெண் உள்ளே ஓடினாள். சிஸ்டர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானும் வருவதாகச் சொன்னார். நர்ஸ் தடுத்தார். குழந்தை நன்றாக மூச்சு விடுகிறது, மானிட்டரில் சீராக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றார்.

"இர்க்கட்டும்மா. நான் ஒரு தபா என் கண்ணால பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அவரை ஒதுக்கிக்கொண்டு சிஸ்டர் உள்ளே போனார்.